ஹொக்கி விளையாடும் மகள்: இந்தப் பாதை எதுவரை போகும்?

பரந்தன்_கிழக்கு (கேள்வி):

வணக்கம். பரந்தனுக்குக் கிழக்கே, இரணைமடுத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கும் குடும்பம் எங்களுடையது. மூத்த மகளுக்குப் பதினைந்து வயது. வரும் ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டும். இரண்டு ஆண்டுகளாகப் பாடசாலையின் ஹொக்கி அணியில் நடுக்களத்தில் விளையாடி வருகிறாள். சென்ற தவணையில் மாகாண மட்டப் போட்டி முடிந்ததும், வேறொரு மாவட்டத்துப் பயிற்றுவிப்பாளர் என்னைத் தேடி வந்து, "இந்தப் பிள்ளையை இடையில் நிறுத்திவிடாதீர்கள், ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வசனம் வீட்டை இரண்டாக்கிவிட்டது. பரீட்சை முடியும்வரை மட்டையைத் தொடக்கூடாது என்பது மனைவியினதும் மாமியினதும் முடிவு. மகள் யாருடனும் வாதாடுவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வெடித்த நுனியைச் சைக்கிள் ரியூப் கீற்றால் இறுக்கிச் சுற்றிய தன் மட்டையை எடுத்துக்கொண்டு, நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தில் பந்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தத்தில்தான் இப்போது நாங்கள் எல்லோரும் கண்விழிக்கிறோம்.

எனக்குத் தெரிந்த விளையாட்டுகள் கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் மட்டுமே. ஹொக்கியை அவள் மட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னரே கவனித்துப் பார்த்தேன். ஆகவே, தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். ஒரு பெண் இந்த விளையாட்டில் எத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடியும்? வன்னியிலிருந்து புறப்படும் ஒரு பிள்ளை எதுவரை போகலாம்? விளையாடி முடித்த பின்னர் அவளுக்குக் கையில் என்ன மிஞ்சும்? உற்சாகமூட்டும் வார்த்தைகளை மேடைகளில் போதிய அளவு கேட்டுவிட்டேன். உண்மை நிலையை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


முல்லை_உடற்கல்வி:

ஐயா, நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கிறேன். இளவயதில் மாகாண அணிக்காக விளையாடியும் இருக்கிறேன். உங்கள் மூன்று கேள்விகளில் நடுக்கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதில்தான் தொங்குகின்றன.

வலய மட்டம், மாகாண மட்டம், அகில இலங்கை மட்டம் என்ற படிகளில் உங்கள் மகள் ஏற்கனவே இரண்டாவதில் நிற்கிறாள். மூன்றாவது படிக்குப் போகும்போதுதான் எங்கள் பிள்ளைகள் திகைத்துப்போகிறார்கள். மாத்தளையில் ஹொக்கி என்பது ஊரோடு ஊறிய விளையாட்டு. அங்கே ஒரு பிள்ளை தன் மூத்தோர் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்தே பாதியைக் கற்றுக்கொள்கிறாள். கொழும்பில் ரீட் மாவத்தையில் செயற்கைத் தரை இருக்கிறது. எங்கள் பிள்ளைகளோ கிறவல் மைதானத்தில் பயிற்சி தொடங்குமுன் வரிசையாகக் குனிந்து நடந்து கல் பொறுக்குகிறார்கள். ஒரு மணி நேரப் பயிற்சியில் முதல் பத்து நிமிடம் கல்லுக்குப் போய்விடும். அதையும் உடற்சூட்டுப் பயிற்சியாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் அவர்களுக்குச் சொல்வதுண்டு.

திறமை இருந்தும் பிள்ளைகள் எங்கே விழுந்துபோகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நான் பயிற்றுவித்த ஒரு பிள்ளைக்குத் தேர்வுப் பயிற்சிக்கான அழைப்புக் கடிதம், தேர்வு நடந்து முடிந்து நான்கு நாள்களின் பின்னர் வந்து சேர்ந்தது. கடிதம் எந்த மேசையில் உறங்கியது என்பதைக் கடைசிவரை எவரும் சொல்லவில்லை. இன்னொரு பிள்ளையின் வீட்டில், இரவு பஸ்ஸில் கொழும்புக்குத் துணைக்குப் போக ஆள் இல்லை. ஆகவே உங்கள் மகளின் ஹொக்கியில் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு, ஐயா: அறிவித்தல்களுக்குக் காத்திராமல் பொறுப்பாசிரியரிடம் மாதம் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள், பயணத்துக்கென ஒரு தொகையை அறுவடையின்போதே ஒதுக்கி வையுங்கள்.

பரீட்சையைப் பொறுத்தவரை உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. பல்கலைக்கழக அனுமதியில், தேசிய மட்ட விளையாட்டுச் சாதனையுடையவர்களுக்கு விசேட அனுமதி என்றொரு வழி இருக்கிறது. ஆனால் உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான அடிப்படைத் தகுதி இல்லாதவருக்கு அந்தக் கதவு திறக்காது. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் உடற்கல்வியும் பட்டப்படிப்புகளாகவே இருக்கின்றன. கல்வியியற் கல்லூரி வழியாக உடற்கல்வி ஆசிரியையாக வரவும் முடியும். இவை எல்லாவற்றுக்கும் பெறுபேறு தேவை. எனவே மட்டையைப் பிடுங்கவேண்டாம். விடியற்காலைப் பயிற்சியை அப்படியே விட்டுவிட்டு, மாலைப் பயிற்சியைக் கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைத்துவிடுங்கள். ஓராண்டு முழுவதும் மட்டையைத் தொடாத பிள்ளை திரும்பி வரும்போது, கால் வரும், கை வராது.

இன்னுமொரு விடயம். வாய்க்காப்பும் ஷின்பாட்டும் (முன்னங்கால் காப்பு) இல்லாமல் அவளை மைதானத்தில் இறங்கவிடாதீர்கள். பந்தின் நிறை 156 முதல் 163 கிராம்வரைதான், ஆனால் அது கல்லைப் போன்றது. காலையில் வெறுந்தேநீருடன் பயிற்சிக்கு வரும் பெண் பிள்ளைகளில் பலருக்கு இரத்தச்சோகை இருப்பதைக் கண்டிருக்கிறேன். முருங்கையிலையும் முட்டையும் நெத்தலியும் பயறும் எங்கள் ஊரில் கிடைக்காத பொருள்கள் அல்ல.


வவுனியா_பார்வையாளர்:

ஆசிரியை எழுதியவற்றோடு சேர்த்து, உலக மட்டத்தில் ஒரு வீராங்கனையின் வாழ்க்கை எப்படி நீளுகிறது என்பதற்கு ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வந்த இந்திய வீராங்கனை ராணி ராம்பால் அவர்.

ஹரியானாவில் ஷாஹாபாத் மார்க்கண்டா என்ற சிறுநகரில், வண்டி இழுத்துப் பிழைத்த ஒருவரின் மகளாக 1994 டிசம்பரில் பிறந்தார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தினமும் அரை லீற்றர் பால் கொண்டுவரவேண்டும் என்பது அங்கிருந்த விதி. வீட்டில் அவ்வளவு பாலுக்கு வசதி இல்லாததால், இருந்த பாலில் தண்ணீர் கலந்து கொண்டுபோனதை அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். வீட்டில் மணிக்கூடு இல்லாததால், தாயார் வானத்தைப் பார்த்து நேரத்தைக் கணித்து எழுப்பிவிடுவாராம். (உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.)

2008-இல், பள்ளிச் சிறுமியாக இருக்கும்போதே அவர் தேசிய அணிக்குள் வந்தார். 2010-இல் ஆர்ஜென்டீனாவின் ரொசாரியோ நகரில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஏழு கோல்கள் அடித்து, அத்தொடரின் சிறந்த இளம் வீராங்கனையாகத் தெரிவானபோது வயது பதினைந்து. உங்கள் மகளின் வயது. 2013-இல் கனிஷ்ட உலகக் கிண்ணத்தில் இந்தியா வெண்கலம் பெற்றபோது தொடரின் சிறந்த வீராங்கனை. 2016-இல், முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னர் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற இந்திய மகளிர் அணி ரியோவில் பன்னிரண்டு அணிகளில் கடைசியாக வந்தது. அடுத்த ஒலிம்பிக்கான டோக்கியோவில், ராணியின் தலைமையில், முதல் மூன்று போட்டிகளிலும் தோற்ற அதே அணி, அயர்லாந்தையும் தென்னாபிரிக்காவையும் வென்று, காலிறுதியில் அவுஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தி, வெண்கலத்துக்கான போட்டியில் பிரித்தானியாவிடம் 3-4 என்று தோற்று நான்காமிடத்தில் நின்றது. தென்னாபிரிக்காவுடனான போட்டியில் வந்தனா கட்டாரியா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் ஹொக்கியில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதலாவது ஹட்ரிக் அது.

இதற்குப் பிறகு நடந்ததையே நீங்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். டோக்கியோ முடிந்ததும் காயம் காரணமாக ராணி நெடுநாள் விலகியிருக்க நேர்ந்தது. 2022 உலகக் கிண்ணத்திலும் பொதுநலவாயப் போட்டிகளிலும் அவர் இல்லை. 2023 தொடக்கத்தில் தென்னாபிரிக்கச் சுற்றுலாவுக்குத் திரும்பி வந்தார். அதே ஆண்டில் சிறுமியர் அணிக்குப் பயிற்றுவிப்பாளராக்கப்பட்டார். 2024 ஒக்டோபரில், முப்பது வயது நிறைவதற்குமுன், ஓய்வை அறிவித்தார். டோக்கியோவில் நான்காமிடம் பெற்ற அந்த அணி, ராஞ்சியில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்றதால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெறவேயில்லை. சர்வதேசக் காலம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். அதுவும் மிகச் சிறந்த ஒருவருக்கு. உலகின் சிறந்த வீராங்கனை விருதை எட்டுமுறை பெற்ற ஆர்ஜென்டீனாவின் லூசியானா ஐமாரும் 1998 முதல் 2014 வரை, பதினாறு ஆண்டுகளே தேசிய அணியில் விளையாடினார். பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாறு ஆண்டுகள் கிடைத்தாலே பெரிது.

ராணி அந்த உயரத்துக்கு ஏறியதற்குத் திறமையும் வறுமையும் மட்டும் காரணமென்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வறுமையும் திறமையும் எங்கள் ஊரில் தாராளமாகவே இருக்கின்றன. ஷாஹாபாத்தில் பல்தேவ் சிங் என்ற கடும் கண்டிப்பான பயிற்றுவிப்பாளர் நெடுங்காலம் ஒரே இடத்தில் இருந்து பெண் பிள்ளைகளைப் பயிற்றுவித்தார். டோக்கியோ அணியில் ராணியுடன் நவ்ஜோத் கவுர், நவ்நீத் கவுர் ஆகிய இருவரும் அதே சிறுநகரிலிருந்து வந்தவர்களே. ஒரு ஊரிலிருந்து மூவர் ஒலிம்பிக் போனது தற்செயல் ஆகாது. அதற்கு மேல், இந்தியாவில் ஹொக்கி விளையாடும் பெண்களுக்கு ரயில்வே வேலை கொடுக்கிறது. மாதச் சம்பளம் வீட்டுக்கு வருவதால், இருபது வயதில் மட்டையை வைத்துவிட்டுத் திருமணத்துக்கு நிற்கவேண்டிய நெருக்கடி குறைகிறது. ஆகவே, "என் மகள் ராணி ஆவாளா" என்று கேட்பதற்குமுன், மகளின் பயிற்றுவிப்பாளர் இன்னும் எத்தனை ஆண்டுகள் அதே பாடசாலையில் இருப்பார் என்று விசாரித்துப் பாருங்கள்.


பரந்தன்_கிழக்கு:

இருவருக்கும் நன்றி. கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும்: அவருக்கு இடமாற்றம் வரவிருக்கிறது என்று மகள் நேற்றுத்தான் சொன்னாள். இன்னொரு சந்தேகம். செயற்கைத் தரை, செயற்கைத் தரை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். கிறவலில் நன்றாக விளையாடும் பிள்ளை அங்கேயும் நன்றாக விளையாட மாட்டாளா? தரையில் அப்படி என்ன வித்தியாசம்?


பழைய_கோல்காப்பாளர்:

ஐயா, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அந்த வித்தியாசத்தை நாற்பது நிமிடங்களுக்குள் ஏழு கோல்கள் வாங்கிக் கற்றுக்கொண்டவள் நான்.

2009-க்குப் பின்னர் மீள்குடியேறி, தகரக் கொட்டகையில் நடந்த பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் அணி உருவானது. எனக்குக் கோல்காப்பாளரின் உடை கிடைத்தது, நான் நன்றாக விளையாடியதற்காக அல்ல. அந்த உடைக்குள் நின்றால் வெயில் தாங்கக்கூடியவள் நான் ஒருத்தி என்பதற்காக. யாரோ பயன்படுத்திக் கழித்த பாட் (கால்காப்பு) அது. உள்ளே இருந்த பஞ்சு வியர்வையில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, நனைந்த சாக்கின் மணத்தோடு இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்று அம்மா தடை போட்டதால், அது பாடசாலையில் பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தது.

எங்கள் மைதானத்தில் பந்து ஒருபோதும் நேராக வராது. கல்லில் பட்டுத் துள்ளும், குழியில் விழுந்து திசைமாறும். அதனால் நாங்கள் எல்லோரும் மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, உடலைச் சற்று நிமிர்த்தி, துள்ளலை எதிர்பார்த்து நிற்கப் பழகியிருந்தோம். கொழும்பில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் இறங்கியபோது, தரை நனைந்திருந்தது. என்னுடைய கன்வஸ் சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறி, காலடி வைக்கும்போதெல்லாம் சளக் சளக் என்றது. மழை பெய்ததா என்று பக்கத்தில் நின்ற பின்கள வீராங்கனையைக் கேட்டேன். பந்து வேகமாக வழுக்கிப் போகவும், விழுந்தால் தோல் உரியாதிருக்கவும், போட்டிக்குமுன் வேண்டுமென்றே நீர் தெளிப்பார்கள் என்பது அப்போது எங்களில் எவருக்கும் தெரியாது. குடிதண்ணீருக்குப் பவுசர் பார்த்து நின்ற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு அதிசயமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். (நீர் தெளிக்கத் தேவையில்லாத தரைகளை உருவாக்கச் சர்வதேசச் சம்மேளனம் இப்போது முயன்று வருகிறது. அப்படி ஒன்று வந்தால் வன்னியைப் போன்ற வரண்ட வலயத்துக்கு அதுவே பொருத்தம்.)

முதல் பந்து கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் வந்தது. பழக்கதோஷத்தில் துள்ளலை எதிர்பார்த்து, காலைச் சற்று உயர்த்தினேன். பந்து துள்ளவில்லை. தரையோடு ஒட்டியபடி என் கால்காப்புக்கு அடியால் போய்க் கோலின் பின்பலகையில் மோதியது. அந்தப் பலகைச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. எங்கள் பின்கள வீராங்கனைகளுக்கும் இதே கதிதான்: எதிரணியினர் மட்டையைத் தரையோடு படுக்கவைத்து, முழங்கால் மடித்து, பந்து வரும் பாதையையே அடைத்துவிட்டார்கள். நாங்கள் நின்றுகொண்டு குத்திக்கொண்டிருந்தோம்.

ஆகவே, திறமை குறைவதில்லை, ஐயா. உடல் பழகிய பழக்கம் எதிரியாகிவிடுகிறது. அதைச் சரிசெய்ய உங்கள் மகளிடம் ஏற்கனவே ஒரு மைதானம் இருக்கிறது. நெல் காயவிடும் சீமெந்துத் தளம்! கிறவலைவிட அதுதான் செயற்கைத் தரைக்குக் கிட்டியது. தூசியைக் கூட்டித் தள்ளிவிட்டு, மட்டையைப் படுக்கவைத்துப் பந்தை நிறுத்தவும், தள்ளவும், மட்டையைத் திருப்பிப் பிடித்து இடப்பக்கத்துப் பந்தை எடுக்கவும் பழகச் சொல்லுங்கள். ஹொக்கி மட்டைக்குத் தட்டையான பக்கம் ஒன்றுதான், இடக்கைக்காரருக்கென்று வேறு மட்டையும் கிடையாது என்பதால், இடப்பக்கத்தில் தடுமாறாத பிள்ளையைத் தேர்வாளர்கள் உடனே கண்டுகொள்வார்கள். சீமெந்தில் ஓட்டப் பயிற்சி மட்டும் வேண்டாம், முழங்கால் கெட்டுவிடும். முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் இணைப்பிழை (ACL) அறுவது ஆண்களைவிடப் பெண் விளையாட்டாளர்களிடம் அதிகம் காணப்படுகிறது. என் விளையாட்டும் அதனால்தான், உயர்தர முதலாம் ஆண்டிலேயே, முடிந்தது.

எனக்கு மிஞ்சியதென்ன என்றும் சொல்லிவிடுகிறேன். இன்று நான் ஒரு தாதி. இரவுக் கடமையில் விடுதி முழுவதும் ஒரே நேரத்தில் அழைக்கும்போது, முதலில் எந்தக் கட்டிலுக்குப் போவது என்று எனக்குத் தடுமாற்றம் வருவதில்லை. பெனால்டி கோனருக்கு (வட்டத்துக்குள் நாங்கள் பிழைவிட்டால் எதிரணிக்குக் கிடைக்கும் அடி) நான்கு பேரை நிறுத்தி வைத்துக் கத்திய பழக்கம் அது.


மன்னார்_வீதி:

எல்லோரும் நாசூக்காகத் தவிர்த்த ஒன்றை நான் எழுதுகிறேன். ராணிக்கு ரயில்வே இருந்ததென்றால், இலங்கையில் அந்த இடத்தில் இருப்பவை பெரும்பாலும் முப்படைகளும் பொலிசும்தான். பாடசாலைக் காலம் முடிந்த பெண்ணுக்குச் சம்பளத்துடன் தினமும் பயிற்சி கிடைக்கும் அணிகள் அங்கேதான் இருக்கின்றன. வன்னியில் அதைப்பற்றி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு மனநிலை உண்டு; அதை இங்கே வாதமாக்க விரும்பவில்லை. ஆனால் பதினைந்து வயதில் தொடங்கும் பாதையில் பத்தொன்பதாவது வயதில் அந்தச் சந்தி வரும் என்பதைத் தந்தையும் மகளும் இப்போதே அறிந்திருப்பது நல்லது. அந்த வழி வேண்டாம் என்றால், மிஞ்சுவது பல்கலைக்கழக அணி, ஆசிரியத் தொழில், வேலை பார்த்துக்கொண்டே விளையாடும் கழகம் ஆகியவையே.

தேசிய அணி எங்கே நிற்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். 2016-இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் இலங்கை மகளிர் அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. இறுதிப் போட்டியில் இந்தியாவிடம் 0-10 என்று தோற்றது. வெள்ளியும் உண்மை, அந்தப் பத்தும் உண்மை. ஒலிம்பிக் ஹொக்கியில் இலங்கை இதுவரை விளையாடியதில்லை. எனவே உங்கள் மகளின் கனவுக்கு இப்போதைய கூரை தெற்காசியாவும் ஆசியத் தகுதிகாண் போட்டிகளும்தான். அந்தக் கூரைக்குக் கீழேயும் இடம் நிறைய இருக்கிறது. வன்னியிலிருந்து அங்கே போய் நின்ற தமிழ்ப் பெண்களை ஒரு கைவிரல்களால் எண்ணிவிடலாம் போலிருக்கிறது.


முல்லை_உடற்கல்வி:

மன்னார்_வீதி எழுதியதில் ஒரு சொல்லுக்கு மட்டும் திருத்தம். ஆசிரியத் தொழில் "மிஞ்சுவது" அல்ல. ஷாஹாபாத்தில் ஒருவர் ஒரே இடத்தில் நிலைத்து நின்றதால் மூன்று பேர் ஒலிம்பிக் போனார்கள் என்று மேலே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் மாவட்டங்களில் பெண் பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்கும் பெண் ஆசிரியைகள் மிகக் குறைவு. பல பெற்றோர் அதை ஒரு காரணமாகச் சொல்லியே பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள்.

ஐயா, பயிற்றுவிப்பாளர் இடமாற்றமாகிப் போகுமுன், அவரிடமிருந்து எழுத்தில் இரண்டு விடயங்களை வாங்கிக்கொள்ளுங்கள்: மகள் பங்குபற்றிய போட்டிகளின் பட்டியல், சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகள். ஆள் போன பின்னர் இவற்றைத் தேடுவது பெரும் பாடு.


பரந்தன்_கிழக்கு:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இந்தப் பதில்களை மனைவிக்கும் மாமிக்கும் வாசித்துக் காட்டினேன். பாலில் தண்ணீர் கலந்த இடத்தில் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்; பத்துக் கோல்கள் என்ற இடத்தில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தாதியாக இருக்கும் தங்கை எழுதியதை அவள் தானே வாங்கி இரண்டாம் தடவை வாசித்தாள்.

காலைப் பயிற்சி தொடரும். மாலையில் செவ்வாயும் சனியும் மட்டும். கணித வகுப்பைத் தவறவிட்டால் சனிக்கிழமையும் இல்லை என்பது அவளுடைய தாயின் நிபந்தனை. சான்றிதழ்களுக்கு நாளை பாடசாலைக்குப் போகிறேன். கடைசியாக ஒன்று கேட்கிறேன்: ரியூப் சுற்றிய மட்டைக்குப் பதிலாகப் புதியது வாங்கலாம் என்றிருக்கிறேன். அவளுடைய உயரம் ஐந்தடி இரண்டங்குலம். என்ன நீளத்தில் வாங்கவேண்டும்?


பழைய_கோல்காப்பாளர்:

35 முதல் 36 அங்குலம்வரை, ஐயா. கடைக்கு அவளையும் கூட்டிப்போய், கையில் பிடித்துப் பார்க்கவிட்டு வாங்குங்கள். நிறை கூடியதைத் தூக்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழையதை எறிந்துவிடாதீர்கள், சீமெந்துக்கு அதுதான்.